பாதிச் சட்டை

திருப்பூரில் யாரிடமாவது "மண்டையில் அடி" என்ற பேச்சை எடுத்துப் பாருங்கள். கொஞ்சம் வயசானவராயிருந்தால் அவருக்கு முதலில் குமரன் ஞாபகம்தான் வரும். 1932-ஆம் வருஷம் ஜனவரி 10-ஆம் தேதி, கொடியேந்திச் சென்ற ஊர்வலத்தின் மேல் போலீஸ் தடி இறங்கியது. சென்னிமலையில் பிறந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த அந்த 27 வயது வாலிபர் மண்டை பிளந்து விழுந்து, மறுநாள் உயிர் விட்டார். ரயிலடிக்கு அருகில் அவருடைய நினைவகம் இருக்கிறது. வேலைக்குப் போகிற அவசரத்தில் அதை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கடந்து போகிறவர்கள்தான் எங்களில் அநேகம் பேர்.

நான் எழுத வந்தது குமரனைப் பற்றியல்ல. அந்த இடத்தைக் கடக்கும்போது எனக்கு அடிக்கடி வரும் ஒரு யோசனையைப் பற்றி. மூளையில் கத்தி வைத்துச் சிகிச்சை செய்வதற்கென்று தனி இலாகா அந்தக் காலத்தில் நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் கிடையாது. 1949-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி ஆரம்பித்தார். 1950-இல் சென்னைப் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தி ஆரம்பித்தார். அதற்கு முன்பெல்லாம் மண்டையில் அடிபட்டவன் ஒன்று போய்ச் சேருவான். அல்லது எழுந்து உட்காருவான். எழுந்து உட்கார்ந்தவனைப் பார்த்து, "மாரியாத்தா புண்ணியம், பிழைத்தான்" என்று மாவிளக்கு எடுத்தார்கள். அவன் எதை இழந்துவிட்டு எழுந்தான் என்று கேட்டவர் இல்லை.

இன்றைக்கும் அப்படிக் கேட்பவர்கள் அதிகம் இல்லை என்பதை எனக்குத் தெரிவித்தவள் ஒரு பெண். எங்கள் தெருவுக்குப் பின்னாலிருக்கும் லைன் வீடுகளில் தாயாரோடு குடியிருக்கிறாள். பெயர் வேண்டாம். வயது 25 இருக்கலாம். பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை. தைத்து வந்த சட்டையை மேஜைமேல் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம், பிசிறு எல்லாம் பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் கழித்ததை ஒரு பக்கமும் போடவேண்டும். கண்தான் அவளுக்கு மூலதனம். மாலையில் என் மனைவியிடம் வந்து வாரப் பத்திரிகை வாங்கிக்கொண்டு போவாள். தொடர்கதை என்றால் உயிர்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் அண்ணனோடு மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போனாள். பல்லடம் ரோட்டில் வண்டி சரிந்தது. ஓட்டின அண்ணன் தலையில் ஹெல்மெட் இருந்தது. இவள் தலையில் இல்லை. பின்மண்டையின் இடது பக்கம் சாலை நடுவிலிருந்த கட்டையில் மோதிற்று. பத்து நாள் நினைவில்லாமல் கிடந்து பிழைத்து வந்தாள். கை கால் சரியாக இருந்தது. பேச்சு சரியாக இருந்தது. நான்கு மாதம் கழித்து வேலைக்கும் போனாள்.

அங்கேதான் சங்கடம் ஆரம்பித்தது. இவள் பார்த்து அனுப்பின சட்டைகளில் கறையோடு போனவை திரும்பி வந்தன. கறை எல்லாம் ஒரே பக்கத்தில். சூப்பர்வைசர் இரண்டு தடவை கண்டித்தார்; மூன்றாம் தடவை, "புத்தி எங்கே மேயுது?" என்று கேட்டுவிட்டார். கல்யாண வயசுப் பெண்ணைப் பார்த்து இந்தக் கேள்வி கேட்டால் அதற்கு அர்த்தம் வேறு அல்லவா? அழுதுகொண்டு வந்தாள். தாயார் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போனாள். சுவரில் மாட்டிய எழுத்துக்களைக் கடைசி வரிசை வரைக்கும் மெதுவாக, ஆனால் பிழையில்லாமல் படித்தாள். "கண்ணில் ஒரு குற்றமும் இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். தாயார் மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவள் சொன்னாள்: "எழுத்தெல்லாம் நல்லாத் தெரியுதுங்க. சட்டையிலதானுங்க பாதியக் காணோம்."

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இப்படி ஒரு வாக்கியம் காதில் விழுந்தால் தூக்கம் வருமா? கண் டாக்டர் ஒருவரிடம் அனுப்பி வைத்தேன். இளைஞர். அவர் யந்திரத்தின் பக்கமே போகவில்லை. தம் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, இரண்டு கையையும் அகல விரித்து விரலை ஆட்டினாராம். இடது பக்கத்து விரல் ஆடுவது தெரிந்தது. வலது பக்கத்து விரல் ஆடுவது மட்டுமல்ல, அங்கே ஒரு கை இருப்பதே தெரியவில்லை. ஒரு கண்ணை மூடினாலும் அப்படித்தான், மற்றதை மூடினாலும் அப்படித்தான்.

வலது கண்தான் வலது பக்கத்தைப் பார்க்கிறது என்று நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மை வேறு. இரண்டு கண்ணுமே இரண்டு பக்கத்தையும் பார்க்கின்றன. பார்த்ததைக் கொண்டு போகும் நரம்புகள் நடுவழியில் கூடி, பாதி இழைகள் பக்கம் மாறிக்கொண்டு, வலது பக்கத்துக் காட்சியையெல்லாம் இடது மூளைக்கும், இடது பக்கத்துக் காட்சியையெல்லாம் வலது மூளைக்கும் பிரித்துக் கொடுத்துவிடுகின்றன. போய்ச் சேருமிடம் பின்மண்டை. இப்படி ஏதோ ஒரு பங்கீடு இருக்கவேண்டும் என்று நியூட்டன் 1704-இல் வெளியிட்ட ஒளியைப் பற்றிய புத்தகத்திலேயே ஊகம் செய்திருக்கிறார். உல்லாஸ்டன் என்ற இங்கிலீஷ் ரசாயன சாஸ்திரிக்கு அது சொந்த அனுபவமாகவே வந்தது. ஒருநாள் களைத்துப் போய் வீதியில் நடந்தவர், ஒரு கதவுக்கு மேல் எழுதியிருந்த 'ஜான்ஸன்' என்ற பெயரைப் பார்த்தார். அவர் கண்ணுக்கு 'ஸன்' மட்டும்தான் இருந்தது. கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது. மனிதர் பயந்து ஓடாமல், நரம்புகள் எப்படிப் பிரிந்தால் இப்படி ஆகும் என்று யோசித்து 1824-இல் ஒரு கட்டுரை எழுதினார். 1828-இல் இறந்தபோது அவர் மூளையில் ஒரு கட்டி இருந்தது.

இந்த நோயாளிக்குப் பாதி உலகம் கறுப்பாகத் தெரியும் என்று எண்ணிவிடக் கூடாது. கறுப்பாகத் தெரிந்தால்தான் சௌகரியமாயிற்றே! 'இங்கே திரை விழுந்திருக்கிறது' என்று அவனே சொல்லிவிடுவான். உங்கள் முதுகுக்குப் பின்னால் இப்போது என்ன நிறம் தெரிகிறது? கறுப்பா, வெள்ளையா? ஒன்றுமில்லை அல்லவா? அந்த 'ஒன்றுமில்லை' முன்பக்கம் வரைக்கும் வந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஆகையால் இழந்தவனுக்கே இழந்தது தெரிவதில்லை. நிலைப்படியில் தோள் இடிக்கும். வலது பக்கத்திலிருந்து நீட்டின டம்ளரை வாங்காமல் உட்கார்ந்திருப்பான். பார்க்கிறவர்கள் திமிர் என்பார்கள். (இலையில் இடது பாதிச் சோற்றைத் தொடாமலே எழுந்து போகிறவர்களும் உண்டு. அது வேறு வியாதி. அங்கே போவது பார்வையல்ல, கவனம். அதைத் தனியாகத்தான் எழுதவேண்டும்.)

பின்மண்டையில் எந்த இடம் போனால் பார்வையில் எந்த இடம் போகும் என்ற கணக்கு முதலில் யாருக்குத் தேவைப்பட்டது தெரியுமா? சர்க்கார் கஜானாவுக்கு! 1904-இல் ரஷ்யாவும் ஜப்பானும் சண்டைக்கு நின்றன. ரஷ்யச் சிப்பாய்கள் வைத்திருந்த புதுமாதிரித் துப்பாக்கியின் குண்டு சிறியது. வேகம் மிக அதிகம். பழைய குண்டு மண்டையைச் சிதற அடிக்கும். இது ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் சுத்தமாக வெளியேறிவிடும். ஆகவே தலையில் குண்டு வாங்கியும் பிழைத்த சிப்பாய்கள் ஜப்பானில் நிறையப்பேர் இருந்தார்கள். கண் முழுசாக இருக்கிறது. ஆனால் பார்வை இல்லை என்கிறான். இவனுக்கு எவ்வளவு பென்ஷன் கொடுப்பது? நிஜம் சொல்கிறானா, பென்ஷனுக்காக நடிக்கிறானா?

இதைத் தீர்மானிக்கும் வேலை தட்சுஜி இனொயே என்ற கண் டாக்டருக்கு வந்தது. 1880-இல் பிறந்தவர், அப்போது இருபத்தைந்து வயதுகூட நிரம்பியிருக்குமோ என்னவோ. அவர் சதவீதம் போட்டு அனுப்பிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. குண்டு நுழைந்த துவாரம் இருக்கிறது, வெளியேறின துவாரம் இருக்கிறது. நேர் கோட்டில்தானே போயிருக்கும்? மண்டைமேல் மாட்டி அளக்க ஒரு கருவியைத் தாமே செய்துகொண்டார். குண்டு மூளைக்குள் எந்தெந்த இடத்தைத் துளைத்துப் போயிற்று என்று ஒவ்வொரு சிப்பாய்க்கும் வரைந்தார். பக்கத்திலேயே அந்தச் சிப்பாய்க்குப் பார்வையில் எந்த இடம் அழிந்து போயிற்று என்றும் வரைந்தார். இரண்டு படத்தையும் ஒன்றோடொன்று பொருத்தினார். 29 சிப்பாய்கள். 1909-இல் ஜெர்மன் பாஷையில் புத்தகமாக வந்தது. பின்மண்டையில் நாம் பார்க்கும் உலகம் ஒரு தேசப் படம் மாதிரி விரிந்து கிடக்கிறது என்று அதில் காட்டினார். ஆனால் அந்தப் படம் நியாயமான படம் அல்ல. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கும் இடம் எவ்வளவு சிறியது! நட்டநடுவே இருக்கும் அந்தச் சின்ன இடத்துக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் மூளை பெரிய ஜமீனை எழுதி வைத்திருக்கிறது. ஓரங்களுக்குக் கொடுத்திருப்பதெல்லாம் மனைக்கட்டு.

அவருடைய புத்தகம் அவ்வளவாகப் பேர் வாங்கவில்லை. இங்கிலீஷில் முழுசாக மொழிபெயர்ந்து வந்தது 2000-இல்தான். பேரை வாங்கிக்கொண்டவர் கார்டன் ஹோம்ஸ். இவரும் யுத்தத்தில்தான் பாடம் படித்தார். 1914-இல் சண்டை மூண்டதும் பட்டாளத்துக்கு மனுப் போட்டார். கிட்டப்பார்வை என்று தள்ளிவிட்டார்கள். பார்வை போதாது என்று ராணுவம் கழித்த மனிதர்தான் வேறு வழியாகப் பிரான்ஸுக்குப் போய், பார்வையின் சாஸ்திரத்தையே எழுதினார். பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு அப்போது கொடுத்த இரும்புத் தொப்பி, தாம்பாளத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி உச்சந்தலையில் உட்கார்ந்திருக்கும், பிடரியை மறைக்காது. பதுங்கு குழியில் குனிந்தவனுக்குப் பின்மண்டையில் அடி. ஹோம்ஸின் ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்டவர்களுக்குக் குறைவேயில்லை. இன்னொன்றும் அவர் கண்ணில் பட்டது. பார்வையின் கீழ்ப்பாதியை இழந்தவர்கள் நிறைய வந்தார்கள். மேல்பாதியை மட்டும் இழந்தவர்கள் அபூர்வம். காரணம், மேல்பாதியைப் பார்க்கும் இடம் மண்டையில் இன்னும் கீழே, பெரிய ரத்தக் குழாய்களை ஒட்டி இருக்கிறது. அங்கே அடிபட்டவர்கள் ஆஸ்பத்திரி வந்து சேரவில்லை.

அதே யுத்தத்தில் ஜார்ஜ் ரிட்டாக் என்ற இன்னொரு டாக்டர் 1917-இல் ஒரு விசித்திரத்தை எழுதினார். குருடாகிப் போன பாதியில் ஒரு பொருளை வைத்தால் சிப்பாய்க்குத் தெரிவதில்லை. அதையே அசைத்தால், "என்னவோ போகிறது" என்கிறான். என்ன பொருள், என்ன நிறம் என்று சொல்லத் தெரியவில்லை. போவது மட்டும் தெரிகிறது. ஹோம்ஸ் இதை ஒத்துக்கொள்ளவில்லை. பெரியவர் சொல்லுக்கு மதிப்பு அதிகம். ரிட்டாக் சொன்னது பரணில் ஏறிற்று.

1974-இல் அது இறங்கி வந்தது. மூளையில் ரத்தக் குழாய்க் கோளாறுக்காகப் பின்மண்டையில் ஒரு பகுதியை எடுத்துவிட்ட ஒரு மனிதரை லாரன்ஸ் வைஸ்கிரான்ட்ஸ் என்ற இங்கிலாந்து மனோதத்துவ நிபுணர் பரிசோதித்தார். இடது பக்கம் தமக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று சாதித்தார் நோயாளி. "தெரியாவிட்டால் போகிறது, குருட்டாம்போக்கில் விளக்கு எங்கே என்று கையை நீட்டுங்கள்" என்றார்கள். கை சரியான இடத்துக்குப் போயிற்று! அவருக்கே ஆச்சரியம். 'குருட்டுப் பார்வை' என்று அதற்குப் பேர் வைத்தார்கள். மூளைக்குப் பெரிய ராஜபாட்டை தவிர வேறு சில ஒற்றையடிப் பாதைகளும் உண்டு. அவற்றின் வழியே சேதி போகிறது, ஆனால் வீட்டு எஜமானருக்குத் தகவல் சொல்வதில்லை.

நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன டாக்டர் வி. எஸ். ராமச்சந்திரன் 1998-இல் வெளியிட்ட புத்தகத்திலும் எங்கள் ஊர் யோசனைக்கு ஏற்ற ஒருவர் வருகிறார். தொழிற்சாலை விபத்தில் இரும்புக் கம்பி பின்மண்டையைத் துளைத்துவிட்டது. பார்வையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம். ஆனால் அந்தப் பள்ளத்தை மூளை சும்மா விடுவதில்லை. குறுக்கே ஒரு கோடு போனால் நடுவில் அறுந்த இடத்தைத் தானே ஒட்டுப் போட்டு முழுக் கோடாகக் காட்டிவிடுகிறது. இதைப் படித்தபோது எனக்கு அந்தக் கறைபட்ட சட்டைகள்தாம் நினைவுக்கு வந்தன. வெள்ளைத் துணியில் பார்த்த இடமெல்லாம் வெள்ளை. பார்க்காத இடத்துக்கும் வெள்ளையையே போட்டு மூளை கணக்கை முடித்துவிட்டால், சூப்பர்வைசர் யாரைக் கோபிப்பது?

போனதைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? அவளும் அதைத்தான் கேட்டாள்.

இதற்கும் யுத்தம்தான் முதல் பள்ளிக்கூடம். முதல் மகாயுத்தத்தின்போதே ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் பாப்பல்ராய்ட்டரும், பிராங்க்பர்ட்டில் கோல்ட்ஸ்டைனும் மூளையில் அடிபட்ட சிப்பாய்களுக்கென்றே நிலையங்கள் நடத்தினார்கள். குணப்படுத்துவதோடு நிற்காமல், மறுபடி தொழிலுக்கு அனுப்பவேண்டும் என்பது அவர்கள் நோக்கம். கோல்ட்ஸ்டைன் யூதர், 1933-இல் அதே ஜெர்மனி அவரைச் சிறையில் போட்டு, நாட்டை விட்டே விரட்டியது.

அடுத்த யுத்தத்தில் ரஷ்யாவின் சாசெட்ஸ்கி. இந்த மனிதரை நான் மறக்கவே முடியாது. 1943 மார்ச்சில் இடது பின்மண்டையில் குண்டுச் சிதறல் பாய்ந்து, எங்கள் பெண்ணைப் போலவே வலது பக்கத்துப் பார்வையை இழந்தவர். அவருக்கு இன்னும் பலவும் போயிற்று. எழுத்து மறந்தது; தன் உடம்பின் பாகங்களே மறந்தன. லூரியா என்ற டாக்டரின் ஆஸ்பத்திரியில், ஒவ்வோர் எழுத்தாக யோசிக்காமல் கையைத் தூக்காமலே ஒரே இழுப்பில் எழுதச் சொன்னார்கள். கை எழுதிற்று! கண்ணுக்கு மறந்தது கைக்கு மறக்கவில்லை. ஆனால் எழுதினதைத் தம்மாலேயே படிக்க முடியவில்லை. அப்படியும் 25 வருஷ காலம், சில நாள் அரைப் பக்கம், சில நாள் ஒரு பக்கம் என்று சுமார் 3,000 பக்கம் தம் கதையை எழுதினார். நாங்களெல்லாம் எழுத்தாளர்கள் என்று சொல்லிக்கொள்கிறோம்.

பிற்பாடு யந்திர யுகம் வந்தது. 1998-இல் ஜெர்மனியில் மாக்டபர்க் நகரத்து சாபெல் என்பவரும் அவர் கூட்டாளிகளும், பார்வை போன பகுதிக்கும் இருக்கிற பகுதிக்கும் நடுவே எல்லைக் கோட்டில் ஒளிப் புள்ளிகளைக் காட்டி, மாதக்கணக்கில் தினமும் ஒரு மணி நேரம் பழக்கினால் எல்லை விரிவடைகிறது என்று அறிவித்தார்கள். உலகமெல்லாம் நம்பிக்கை பொங்கியது. 2005-இல் டூபிங்கன் நகரத்தில் வேறொரு கோஷ்டியார், கண்ணின் விழித்திரையையே நேராகப் பார்த்துக்கொண்டு அளக்கும் கருவியால் சோதித்தார்கள். சொல்லிக்கொள்ளும்படியாக விரிவு எதையும் காணோம். நோயாளிகள் தங்களை அறியாமலே கண்ணைச் சற்று நகர்த்திப் பார்க்கப் பழகியிருக்கலாம் என்றார்கள். எல்லை நகரவில்லை, காவல்காரன்தான் நகர்ந்திருக்கிறான்.

அதனால் அது வீண் என்று நான் சொல்லமாட்டேன். என் அபிப்பிராயத்தில் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. தானாகத் திரும்பி வருவது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் வந்துவிடும். ஆறு மாதம் தாண்டினால் அபூர்வம். அப்புறம் காவல்காரனை நகர்த்துவதுதான் கைகண்ட வழி. மியூனிக் நகரத்து ஸீல் என்ற ஆராய்ச்சியாளர் இதை ஒரு பயிற்சியாகவே வகுத்தார். தெரியாத பக்கத்துக்குக் கண்ணைப் பெரிய தாவலாகத் தாவவிட்டு, ஓரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புவது. பாஸ்டன் நகரத்து எலி பெலி மூக்குக் கண்ணாடியின் மேலும் கீழும் பட்டகத் துண்டை ஒட்டி, தெரியாத பக்கத்துக் காட்சியைத் தெரியும் பக்கத்துக்கு இழுத்துக் கொடுக்க 2000-இல் ஓர் உபாயம் சொன்னார். அமெரிக்காவில் ராச்செஸ்டரில் ஹக்ஸ்லின் என்ற அம்மையார், பார்வை போன இடத்திலேயே அசையும் புள்ளிகளைக் காட்டிக் காட்டி, அசைவு எந்தப் பக்கம் என்று சொல்லச் சிலரைப் பழக்கினார். 2009-இல் வெளியான அந்த ஆராய்ச்சியில், பழக்கின இடத்தில் ஓரளவு பலன் இருந்தது. பரணில் கிடந்த ரிட்டாக்கின் சிப்பாய்கள் அதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

எங்கள் பெண்ணுக்கு வாய்த்தது இவற்றில் மிக மலிவானது. செக்கிங் மேஜையின் வலது ஓரத்தில் நீளமாக ஒரு சிவப்பு நாடா ஒட்டினார்கள். சட்டையை விரித்ததும் முதலில் அந்தச் சிவப்பு தெரியும் வரைக்கும் கண்ணை ஓட்டவேண்டும்; சிவப்பைத் தொட்ட பிறகுதான் இடது பக்கமாகப் பார்த்துக்கொண்டு வரவேண்டும். ஆரம்பத்தில் பீஸ் எண்ணிக்கை பாதியாகக் குறைந்து போயிற்று. இப்போது மற்றவர்களுக்குச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். பத்திரிகையின் ஓரத்திலும் வலது பக்கம் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுத்துக்கொள்கிறாள். நம் எழுத்து இடமிருந்து வலம் போகிறதல்லவா? அடுத்த வார்த்தை எப்போதும் அவளுக்கு இருட்டில்தான் நிற்கிறது. வரி எங்கே முடிகிறது என்பதைக் கோடு சொல்கிறது. திரும்பி வரும் பத்திரிகையில் எல்லாப் பக்கத்திலும் சிவப்புக் கோடு. என் மனைவி முதலில் முகம் சுளித்தாள். இப்போது தானே பென்சில் சீவிக் கொடுக்கிறாள்.

நஷ்ட ஈட்டு விவகாரம் பாக்கி இருக்கிறது. வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்தையும் தொழில் விபத்தாகக் கொள்ளலாம் என்று தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டத்தில் 2010-இல் சேர்த்தார்கள். ஆனால் அந்தச் சட்டத்தோடு இணைத்த அட்டவணை கண்களை எண்ணிற்று. ஒரு கண்ணையே இழந்தால் 40 சதவீதம். ஒரு கண்ணில் பார்வை போனால் 30. ஒரு கண்ணில் கொஞ்சம் போனால் 10. கண் இரண்டும் இருந்து, இரண்டிலும் வலது பாதி இல்லாதவளுக்கு அதில் வரி இல்லை. மருத்துவக் குழுவார் பார்த்துச் சொல்லவேண்டும். அவர்கள் முன்னால் போய் நின்று, "பாதியக் காணோமுங்க" என்றால் ஆயிற்றா?

போன வாரம் பார்வைப் புலம் அளக்கும் யந்திரத்தில் எடுத்த படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். ஒரு தாளில் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு வட்டம். இரண்டிலும் வலது பாதி மைக்கறுப்பு. ஜப்பானில் 29 சிப்பாய்களுக்கு ஒருவர் கையால் வரைந்து வைத்தாரே, அதே ஜாதிப் படம்தான். அந்தச் சங்கதியைச் சொன்னேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்களுக்கெல்லாம் பென்ஷன் வந்துச்சுங்களா?" என்று கேட்டாள்.

தாளை நாலாக மடிக்காமல், கசங்காதபடி வாரப் பத்திரிகைக்கு நடுவே வைத்துக்கொண்டு, நிலைப்படியில் தோள் இடிக்காமல் தலையை நன்றாக வலது பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு வெளியே போனாள்.